வீடியோ கேம் டெஸ்டர்: பிழையைப் பிடிப்பவரின் வேலையும் கூலியும்

பெரிய கேம் ஒன்று பிழைகளோடு வெளியாகும்போதெல்லாம் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வெளியிடுவதற்கு முன் ஒருத்தர்கூடவா இதை விளையாடிப் பார்க்கவில்லை?” என்பதுதான். 2014 நவம்பரில் யூபிசாஃப்டின் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’யில் பாத்திரங்களின் முகம் மறைந்து, கண்விழியும் பல்வரிசையும் மட்டும் அந்தரத்தில் மிதந்தபோது அப்படித்தான் கேட்டார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்த ‘சைபர்பங்க் 2077’ பிளேஸ்டேஷன் 4-இல் ஓடவே திணற, ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டபோதும் அதே கேள்விதான்.

விளையாடிப் பார்த்தார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து, மாதக்கணக்கில் பார்த்தார்கள். சைபர்பங்கைத் தயாரித்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி, 2021 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டு வெளியிட்ட வீடியோவில், வாங்கியவர்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவே இல்லை என்றார். சில நாட்களிலேயே ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தியில் அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னது வேறு மாதிரி இருந்தது: பல சிக்கல்கள் முன்பே தெரிந்தவை, சரிசெய்ய நேரம்தான் இல்லை.

பிழையைக் கண்டுபிடிப்பது ஒருவரின் வேலை. அந்தப் பிழையோடு வெளியிடலாமா என்று முடிவெடுப்பது இன்னொருவரின் அதிகாரம். கண்டுபிடிப்பவருக்குத்தான் இந்தத் துறையில் கூலியும் குறைவு, வேலை உறுதியும் குறைவு, சொல்லுக்கு மதிப்பும் குறைவு. கேம்கள் ஏன் அரைகுறையாக வருகின்றன என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு இதுதான் முதல் காரணமாகத் தெரிகிறது.

சரி, டெஸ்டர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?

காலையில் அவர் கைக்குப் புதிய ‘பில்ட்’ வருகிறது. அதாவது நேற்றுவரை எழுதிய நிரல், ஓவியம், ஒலி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய அன்றைய பதிப்பு. முதலில் அது திறக்கிறதா, மெனு வருகிறதா, ஆட்டம் தொடங்குகிறதா என்று ஒரு மேலோட்டமான பார்வை. அது தேறினால் அன்றைய பட்டியல் ஆரம்பமாகிறது. இன்று மூன்றாவது கட்டத்தின் சுவர்கள் என்றால் நாள் முழுக்கச் சுவர்கள்தான். ஒவ்வொரு சுவரிலும் போய் மோத வேண்டும், குதிக்க வேண்டும், மூலையில் நுழையப் பார்க்க வேண்டும். எங்காவது பாத்திரம் சுவருக்குள் புகுந்துவிடுகிறதா என்பதே கேள்வி. கதை முன்னேறாது. எதிரியை வீழ்த்திய மகிழ்ச்சி கிடையாது. அதே கட்டத்தை அடுத்த வாரம் புதிய பில்ட்டில் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஆனாலும் இது மூளைக்கு வேலை இல்லாத வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். கிடங்கு ஒன்றில் ஏணி இருக்கிறது. அதில் ஏறும்போது சில நேரம் பாத்திரம் தரையைத் தாண்டி வெற்றிடத்தில் விழுந்துகொண்டே போகிறது. ‘ஏணியில் ஏறினால் சில நேரம் விழுகிறது’ என்று எழுதி அனுப்பினால் புரோகிராமருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் நாலு தடவை ஏறிப் பார்ப்பார், ஒன்றும் ஆகாது, ‘மறுபடி வரவில்லை’ என்று குறித்து மூடிவிடுவார். ஆகவே டெஸ்டர் அந்த ஏணியை விட்டு நகர்வதில்லை. கையில் ஆயுதம் இருந்தால்தான் விழுகிறதா? ஓடிவந்து ஏறினால்? இரவு நேரத்தில்? மொழியை மாற்றினால்? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகிறார். திரையின் மூலையில் ‘சேமிக்கிறது’ என்ற சின்னம் சுழலும்போது ஏறினால் மட்டுமே விழுகிறது என்று வெகு நேரம் கழித்துப் பிடிபடுகிறது.

இப்போதுதான் ரிப்போர்ட் எழுத முடியும். தலைப்பு: ‘கிடங்கு – தானியங்கிச் சேமிப்பு நடக்கும்போது ஏணியில் ஏறினால் பாத்திரம் தரைக்குக் கீழே விழுகிறது.’ கீழே பில்ட் எண், எந்தக் கன்சோல் (பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவி). அப்புறம் படிகள்: கிடங்கின் வடக்கு வாசல் வழியே நுழைக, சேமிப்புச் சின்னம் வரும்வரை மேசை அருகே நிற்க, சின்னம் சுழலும்போதே ஏணியில் ஏறுக. எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. பத்து முறை செய்ததில் எத்தனை முறை நடந்தது. வீடியோவும், நடந்ததைக் கேம் தானே குறித்துவைக்கும் லாக் கோப்பும் இணைப்பு. இதைப் படிக்கும் புரோகிராமர், டெஸ்டரை ஒரு வார்த்தை கேட்காமலேயே தன் மேசையில் அந்தப் பிழையை வரவழைக்க முடிய வேண்டும். நல்ல டெஸ்டர் யார் என்பதற்கு இந்தத் தொழிலில் இருக்கும் அளவுகோல் இதுதான். ஆட்டத்தில் எவ்வளவு கெட்டிக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சரிசெய்த பின் வேலை முடிந்ததா என்றால் இல்லை. அதே படிகளைப் புதிய பில்ட்டில் செய்து பார்க்க வேண்டும். ஏணியைச் சரிசெய்த கையோடு மாடிப்படி கெட்டுப்போயிருக்கலாம் என்பதால் பக்கத்தில் உள்ளவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தக் கழித்துப் பார்க்கும் புத்தி எதற்குத் தேவை என்பதை 2005 செப்டம்பரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் கேம் உலகத்துக்கே காட்டியது. ஒரு புதிய நிலவறையின் முதன்மை எதிரி, தன்னோடு சண்டையிடுபவர்கள் மேல் தொற்றிப் பரவும் ஒரு சாபத்தை ஏவுவான். சண்டை நடக்கும் இடத்துக்குள்ளேயே அது முடிந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் வேட்டைக்காரர்கள் தங்கள் வளர்ப்பு விலங்கைச் சண்டைக்கு நடுவே மறைத்துவைக்கலாம், பிறகு வேறு ஊரில் வரவழைக்கலாம். மறைந்திருந்த விலங்கோடு சாபமும் அப்படியே காத்திருந்து, நகரத்துக்கு வந்ததும் பரவ ஆரம்பித்தது. உடல்பலம் குறைந்த புதிய வீரர்கள் நொடிகளில் செத்து விழுந்தார்கள். கணினி இயக்கும் கடைக்காரர்கள் சாகாமலே நோயைப் பரப்பினார்கள். கடைசியில் கேமைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனம் சர்வர்களையே மறுதொடக்கம் செய்ய வேண்டி வந்தது. நோய்ப்பரவலை ஆராயும் விஞ்ஞானிகள்கூட 2007-இல் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். சாபம் சரியாக வேலை செய்தது. விலங்கும் சரியாக வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பதற்குத்தான் டெஸ்டர் வேண்டும்.

சுவரில் மோதுவது மட்டுமே இந்த வேலை இல்லை. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகிய மூன்றும் தங்கள் கன்சோலில் வரும் எந்தக் கேமுக்கும் நீண்ட விதிப்பட்டியல் வைத்திருக்கின்றன. ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் கேம் அதைக் கவனித்து ஆளுக்குச் சொல்ல வேண்டும், பொத்தான்களை அந்த நிறுவனம் வைத்த பெயரால்தான் குறிப்பிட வேண்டும் என்பது போன்றவை. இதில் தவறினால் கேம் திருப்பி அனுப்பப்படும், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். அதனால் இந்த விதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் டெஸ்டர்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொரு கிளை மொழிச் சோதனை. இதில் நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான என்ஜின்கள் பலவற்றில் எழுத்தைத் திரையில் வரையும் பகுதி ஆங்கிலத்தை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும். தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் வர வேண்டும். கணினியின் சேமிப்பிலோ அவை மெய்க்குப் பின்னால்தான் இருக்கும். இடம் மாற்றி வரையத் தெரியாத என்ஜினில் ‘கேள்’ என்று எழுதினால் கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் ளகரத்தின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். யூனிட்டி என்ற என்ஜினில் பரவலாகப் பயன்படும் எழுத்துக் கருவியிலும் இந்தக் குறை உண்டு, தனி ஏற்பாடு செய்தால்தான் சரியாகும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அந்தத் திரையை ஆயிரம் தடவை பார்த்தாலும் தவறு தெரியாது. இந்த ஒரு வேலைக்காவது தாய்மொழிக்காரர் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

எழுதிய ரிப்போர்ட்டுகளுக்கு அப்புறம் என்ன ஆகிறது? ஆட்டத்தையே நிறுத்திவிடும் பிழை முதல் வகை, ஆடமுடியும் ஆனால் இடைஞ்சல் என்பது அடுத்த வகை, நிறம் கொஞ்சம் மாறித் தெரிவது போன்றவை கடைசி வகை என்று பெரும்பாலும் தரம் பிரிப்பார்கள். வெளியீடு நெருங்கும்போது தயாரிப்பாளரும் குழுத் தலைவர்களும் உட்கார்ந்து, எதைச் சரிசெய்வது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ‘சரிசெய்யப்போவதில்லை’ என்பது அந்தப் பட்டியலில் ஒரு அதிகாரப்பூர்வமான முடிவு. எழுதிய டெஸ்டர் பெரும்பாலும் அந்த அறையில் இருக்கமாட்டார். அந்தக் காலத்தில் கேம் விற்கப்பட்ட கேட்ரிட்ஜ் பெட்டியில் ஒருமுறை பதித்தால் மாற்ற வழியில்லை, அதனால் பயந்து சரிசெய்தார்கள். இப்போது வெளியீட்டு நாளிலேயே ‘பேட்ச்’ எனப்படும் திருத்தத்தை இணையம் வழியே அனுப்பலாம் என்ற வசதி, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற துணிச்சலையும் கொடுத்துவிட்டது.

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022-இல் வரவேண்டிய புதிய ‘செல்டா’ கேமை நிண்டெண்டோ அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு வருடம் தள்ளிவைத்தது. 2023 மே 12 அன்று ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ வந்தபோது, கிடைத்த பலகை, சக்கரம், ராக்கெட் எல்லாவற்றையும் ஒட்டி நினைத்த வண்டியைச் செய்துகொள்ள அதில் முடிந்தது. டெஸ்டருக்கு இதைவிடக் கெட்ட கனவு இருக்க முடியாது. ஆனாலும் அது உடையாமல் நின்றது. அந்தக் கூடுதல் காலம் கேமை மெருகேற்றவே செலவானது என்று தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா பின்னர் சொன்னார்.

கூலிக்கு வருகிறேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டென்றால் அது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரேவன் சாஃப்ட்வேரில் நடந்தது. ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான இந்த ஸ்டூடியோ ‘கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன்’ கேமைப் பராமரித்தது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், அங்கிருந்த ஒப்பந்த டெஸ்டர்களில் 12 பேருக்கு ஜனவரியோடு வேலை முடிகிறது என்று சொல்லப்பட்டது. டெஸ்டர் குழுவில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் சிலர் வேலை நீடிக்கும் என்று நம்பி, இடமாற்றத்துக்கு நிறுவனத்திடமிருந்து உதவி எதுவும் இல்லாமல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தவர்கள். கேம் நஷ்டத்தில் ஓடியதா என்றால் அதுவும் இல்லை, கொழுத்த வருமானம் தந்துகொண்டிருந்தது. வார்ஸோனின் புதிய வரைபடம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 6 அன்று, ரேவன் ஊழியர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள்.

வாரக்கணக்கில் நீடித்த அந்த நிறுத்தத்தின் முடிவில், 2022 ஜனவரியில் டெஸ்டர்கள் ‘கேம் ஒர்க்கர்ஸ் அலையன்ஸ்’ என்ற பெயரில் சங்கம் அறிவித்தார்கள். உடனே நிர்வாகம் டெஸ்டர்களைப் பிரித்து மற்றப் பிரிவுகளுக்குள் அமர்த்தப்போவதாகச் சொன்னது. ஸ்டூடியோவின் எல்லா ஊழியர்களும் சேர்ந்து வாக்களித்தால்தான் செல்லும் என்றும் வாதாடியது. அந்த வாதம் எடுபடவில்லை. சங்கம் வேண்டுமா என்று டெஸ்டர்கள் மட்டும் போட்ட வாக்குகளை மே 23 அன்று எண்ணியபோது 19 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. அமெரிக்காவின் பெரிய கேம் நிறுவனம் ஒன்றில் உருவான முதல் சங்கம் இதுதான். வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம், ஆக்டிவிஷன் தன் தற்காலிக டெஸ்டர்களில் ஏறக்குறைய 1,100 பேரை நிரந்தரமாக்கி, மணிக்கு குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தது. சங்கம் கேட்ட ரேவன் டெஸ்டர்களுக்கு மட்டும் அந்த உயர்வு இல்லை, சட்டம் இடம் தரவில்லை என்று காரணம் சொன்னார்கள். வெறும் 22 பேர் வாக்களித்த ஒரு தேர்தலுக்காக ஆயிரம் பேருக்கு விடிந்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அப்புறம் வரிசையாக நடந்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான ஜெனிமேக்ஸ் கேம் நிறுவனத்தில் சுமார் 300 டெஸ்டர்கள் சங்கமானார்கள். 2024-இல் ஆக்டிவிஷன் டெஸ்டர்கள் சுமார் 600 பேர் சேர்ந்தார்கள். ஜெனிமேக்ஸ் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் கையெழுத்தாக 2025 ஆகிவிட்டது. அதில் ஊதிய உயர்வோடு, கேமின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் டெஸ்டர்களின் பங்கை முறையாகக் குறிப்பிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல முடியாது. லூசியானாவின் பேட்டன் ரூஜில், அரசு சலுகையோடு 2008-இல் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சோதனை மையத்தில், 2023 பிப்ரவரி இறுதியில் ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ டெஸ்டர்கள் 200 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கனடாவின் எட்மன்டனில் பயோவேர் ஸ்டூடியோவின் கேம்களுக்காக உழைத்த டெஸ்டர்கள் உண்மையில், கேம் நிறுவனங்களுக்கு ஆள் தரும் கீவேர்ட்ஸ் என்ற அயர்லாந்து நிறுவனத்தின் ஆட்கள். 2022-இல் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு பயோவேர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, வேலை போனது. சங்கம் பேச வேண்டிய முதலாளி ஒருவர், வேலையைத் தருபவர் வேறொருவர் என்று இருக்கும்போது பிடி நழுவிவிடுகிறது. கீவேர்ட்ஸ் போன்ற இடைநிறுவனங்கள் இந்தத் தொழிலில் இவ்வளவு பெருத்திருப்பதை நான் கவலையோடுதான் பார்க்கிறேன்.

இந்தியாவிலும் இந்த வேலை இருக்கிறது. பெங்களூரில் ராக்ஸ்டார் கேம் நிறுவனத்துக்குப் பெரிய ஸ்டூடியோ உண்டு, ஜப்பானைச் சேர்ந்த போல் டு வின் நிறுவனத்தின் சோதனைக் கூடமும் உண்டு. ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், புனேயில் யூபிசாஃப்ட். உண்மையான வேலை என்றால் இப்படி முகவரி உள்ள நிறுவனம், நேர்காணல், நியமனக் கடிதம், பி.எஃப். பிடித்தம் எல்லாம் இருக்கும்.

‘வீட்டிலிருந்தே கேம் விளையாடிச் சம்பாதியுங்கள்’ என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது வேறு ஜாதி. முதல் இரண்டு நாள் சின்னத் தொகை ஒன்று கணக்கில் விழும். நம்பிக்கை வந்ததும், அடுத்த ‘டாஸ்க்’ திறக்கப் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணத்தை எடுக்க மேலும் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டாலே அது மோசடி. மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கும் வாய்ப்பு அதிகம். கம்பெனிகள் வெளியீட்டுக்கு முன் பொதுமக்களை அழைத்து நடத்தும் பீட்டா சோதனையும் வேலை ஆகாது. அது விளம்பரமும் சர்வர் பரிசோதனையும் சேர்ந்த ஒன்று, பெரும்பாலும் சம்பளமே கிடையாது.

இயந்திரம் வந்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில்தான் என்னிடம் இருக்கிறது. ரேர் ஸ்டூடியோ ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ கேமை ஆரம்பத்திலிருந்தே தானியங்கிச் சோதனைகளை வைத்து வளர்த்தது; கேமின் பகுதிகள் சரியாக இயங்குகின்றனவா என்பதைத் திரும்பத் திரும்பக் கணினியே பார்த்துக்கொண்டது. 2027 முடிவுக்குள் பிழைச் சோதனையில் 70 சதவீதத்தை ஏ.ஐ. மூலம் தானியங்கியாக்குவது இலக்கு என்று ஸ்கொயர் எனிக்ஸ் 2025-இல் அறிவித்திருக்கிறது. சுவரில் மோதும் வேலை போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, போகட்டும். ஆனால் சுவரில் மோதிப் பழகியவர்தானே பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த டெஸ்டர் ஆகிறார்? முதல் படியை எடுத்துவிட்டு மூத்த டெஸ்டரை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று எந்த அறிவிப்பிலும் நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுபவர்களை நான் தடுக்கமாட்டேன். கேம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இத்தனை நெருக்கத்தில் காட்டும் வேலை வேறில்லை. இங்கிருந்து வடிவமைப்புக்கும் தயாரிப்புக்கும் போனவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே வெளிவந்த ஏதாவது ஒரு கேமில் நீங்களே பிழை தேடி, மேலே சொன்ன ஏணி ரிப்போர்ட் போல இரண்டு மூன்று எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். எந்தச் சான்றிதழையும்விட அதைத்தான் முதலில் படிப்பார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதப் பழகுங்கள். சேருமுன் கேட்க வேண்டியவை: கடிதம் தருவது கேம் நிறுவனமா, இடைநிறுவனமா? ஒப்பந்தம் எத்தனை மாதம், புதுப்பிப்பதை யார் முடிவு செய்கிறார்கள்? வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் ஓவர்டைம் கட்டாயமா, அதற்குத் தனிச் சம்பளமா? கடைசியாக, பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் வருமா? நீங்கள் கையெழுத்திடப்போகும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தால் எந்தக் கேமில் என்ன பிழை கண்டுபிடித்தீர்கள் என்று வெளியே சொல்ல முடியாது. அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தக் கேமில் உழைத்தீர்கள் என்பதற்குக் காட்டக்கூடிய ஆதாரம் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.